சித்தப்பா வீட்டு போர்வெல்லும் ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சலும்

சூளகிரிக்குப் பக்கத்தில் மாமனார் வயலில் இரண்டரை அடி ஆழத்தில் புதைத்த இரும்பு வாணலியைச் சொல்லிவைத்தாற்போலக் காட்டிக்கொடுத்த, நானே செய்த மெட்டல் டிடெக்டர் இது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் சித்தப்பா வீட்டு முற்றத்தில் ஸ்விட்சைப் போட்டதும் ஹெட்போனில் ஊளையிட ஆரம்பித்தது. உலோகத்தை உணரும் கம்பிச் சுருளான காயிலைத் தரைப் பக்கம் கொண்டுபோகவே இல்லை, இடுப்பு உயரத்தில் பிடித்திருந்தேன். ஒரு நிமிடம் ஊளை, கொஞ்சம் அடங்கல், மறுபடி ஊளை. நடுவில் தவளைச் சத்தம் மாதிரி ஏதோ ஒன்று.

சித்தி கோலார் தங்கவயல்காரர். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "இந்த அளவுக்குக் கத்துதுன்னா கீழ தங்கம்தான் இருக்கணும்பா. எங்க ஊர்ல மைன்ஸை மூடிட்டாங்க, இங்க ஆரம்பிச்சுடலாம்" என்றார்.

தேடியது தங்கம் இல்லை, பழைய போர்வெல். 1995-ல் போட்டது, ஆறரை அங்குல இரும்பு கேசிங் பைப். பத்து வருடம் தண்ணீர் கொடுத்துவிட்டு வற்றிப்போனது. அப்போது யாரோ ஒரு வெல்டரைக் கூப்பிட்டு, பைப்பைத் தரைக்குக் கீழே அறுத்து, மேலே இரும்புத் தகடு வைத்து மூடி, மண் தள்ளி, அதற்கும் மேலே சிமெண்ட் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். 2024 கோடையில் பெங்களூர் பட்ட தண்ணீர்ப் பாட்டுக்குப் பிறகு, மொட்டைமாடி மழைநீரை வடிகட்டி அந்தப் பழைய போர்வெல்லுக்குள்ளேயே விட வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஓர் உறுதி வந்துவிட்டது. ஆனால் இடம் தெரியவில்லை. "மாமரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவுல" என்பார். மாமரமும் இல்லை, துவைக்கிற கல்லும் இல்லை. முப்பதுக்கு நாற்பது சைட்டில் வீடு போக மிச்சமிருக்கும் முற்றம் முழுக்க டைல்ஸை உடைப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

கருவி பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. காயிலுக்குள் கரண்டை விட்டு, சட்டென்று துண்டித்துவிட்டு, அடுத்த சில மைக்ரோசெகண்டில் காயிலில் என்ன எதிரொலி மிச்சமிருக்கிறது என்று பார்க்கும். உலோகம் பக்கத்தில் இருந்தால் அந்த எதிரொலி கொஞ்சம் தாமதமாக அடங்கும். அவ்வளவுதான் தத்துவம். துண்டிக்கும் வேலைக்கு ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், எதிரொலியைப் பெருக்க என்இ5534, நேரம் பார்த்துச் சொல்ல ஆர்டுயினோ நானோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி தோள்பையில். (துண்டிக்கும் கணத்தில் காயில் முனையில் சில நூறு வோல்ட் எழும். சால்டர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. எனக்குத் தெரியும்.)

ஆழத்தில் பெரிய இரும்பைத் தேட வேண்டும் என்பதால் காயிலைப் பெரிதாகச் சுற்றியிருந்தேன். பிவிசி பைப்பில் 60 சென்டிமீட்டர் சதுரச் சட்டம், மோட்டார் ரீவைண்டிங் கடையில் எடைபோட்டு வாங்கிய எனாமல் கம்பி, 13 சுற்று, இண்டக்டன்ஸ் ஏறக்குறைய 300 மைக்ரோஹென்றி. முன்பு வைத்திருந்த 25 சென்டிமீட்டர் வட்டக் காயிலிலும் அதே 300-தான், ஆனால் 24 சுற்று. பெங்களூர் வந்து கத்திய பிறகுதான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியிலிருந்து வரும் காந்தப்புலத்தைக் காயில் எவ்வளவு பிடிக்கும் என்பது சுற்றின் எண்ணிக்கையையும் பரப்பையும் பெருக்கினால் வரும். சின்னதற்கு 1.2, பெரியதற்கு 4.7. அதாவது ஆழம் வேண்டும் என்று பெரிதாகச் சுற்றியதோடு நான்கு மடங்கு இரைச்சலையும் வாங்கியிருக்கிறேன். வயலில் பிடிக்க ஒன்றும் இல்லை, அதனால் தெரியவில்லை. இங்கே தெருமுனையில் ட்ரான்ஸ்ஃபார்மர், சுவரை ஒட்டி மின்கம்பி, இரு பக்கமும் மூன்று மாடி வீடுகள்.

முதலில் எல்லாரும் செய்வதைச் செய்தேன், சென்சிட்டிவிட்டியைக் குறைத்தேன். கால் பங்குக்கு இறக்கினால் சத்தம் நின்றது. கூடவே காயிலுக்கு ஓரடி கீழே வைத்த வாணலியும் நின்றுபோனது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிற கதைதான்.

சரி, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். காயிலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரை மாட்டினால் கருவிக்கு வெளியுலகமே கிடையாது, மயான அமைதி வர வேண்டும். வரவில்லை. மெல்லிய சீறல் ஒன்று இருந்தது, அதன் சுருதி நிமிடத்துக்கு நிமிடம் நழுவிக்கொண்டே போனது. அப்படியானால் அது என் பையிலிருந்தே வருகிறது.

கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது, கண்டுபிடித்ததும் வெட்கமாக இருந்தது. வயலில் சோதித்தபோது ஆர்டுயினோவுக்குத் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி வைத்திருந்தேன். அப்புறம், கொஞ்சம் நாகரிகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்துவிட்டு, எஸ்பி ரோட்டில் வாங்கிய எல்எம்2596 பக் கன்வெர்ட்டரைப் போட்டு 12-ஐ 5 ஆக்கினேன். அந்தச் சில்லு நொடிக்கு ஒன்றரை லட்சம் தடவை ஸ்விட்ச் ஆகிற ஜாதி. அதைக் கொண்டுபோய் மைக்ரோவோல்ட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு அங்குலம் தள்ளி ஒட்டியிருக்கிறேன். சூடு ஏற ஏற அதன் வேகம் மாறும், சுருதி நழுவியது அதனால்தான். பிடுங்கிவிட்டு ஒரு பழைய 7805 ரெகுலேட்டரைப் போட்டேன். சூடாகும், கொஞ்சம் பேட்டரி வீணாகும், ஆனால் வாயைத் திறக்காது. சீறல் நின்றது. சட்டைப்பை போனையும் ஏரோப்ளேன் மோடில் போட்டதில் தவளையும் போய்விட்டது.

அடுத்தது வீடு. இதற்கு சித்தப்பாவின் பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோ உதவியது. மீடியம் வேவில் 612-ல் பெங்களூர் ஆகாசவாணி வரும். அதைத் தாண்டி நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டு, ரேடியோவை டார்ச் மாதிரி நீட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தேன். கேட் விளக்கு எல்இடி பல்புக்குக் கீழே ரேடியோ கரகரத்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டர் அருகில் இன்னும் மோசம். பக்கத்து வீட்டு கேமரா அடாப்டர் ஒன்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தனியாக முனகியது. வீட்டு மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொன்னேன். டிடெக்டரில் பாதி இரைச்சல் குறைந்தது. "சீரியல் ஏழு மணிக்கு, அதுக்குள்ள முடிச்சுடு" என்று உள்ளேயிருந்து சித்தி குரல் வந்தது.

மிச்சம் இருந்த பாதிதான் அந்த ஊளை. அது தெருவிலிருந்து வந்தது, அதற்கு மெயின் ஸ்விட்ச் என் கையில் இல்லை.

நடுவில் ஒரு மாலை முழுக்க ஷீல்டுக்குச் செலவழித்தேன். காயிலைச் சுற்றி அலுமினியத் தாள், தாளோடு சேர்த்து ஒரு வெற்றுக் கம்பி, அதைக் கேபிளின் கிரவுண்டில் இணைப்பு. தாளின் இரு முனையும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். தொட்டுவிட்டால் அதுவே ஒரு மூடிய வளையமாகி, காயில் தன் சட்டையையே உலோகம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஷீல்டு போட்டதும் கப்பாசிட்டன்ஸ் கூடி எதிரொலி அடங்குகிற விதம் மாறிவிட்டது, எதிரொலியை அடக்குகிற டேம்பிங் ரெசிஸ்டரை 680-லிருந்து 560 ஓமுக்கு இறக்க வேண்டியிருந்தது. பலன்? ஈரப் புல்லில் காயில் உரசும்போது வந்த சடசடப்பு சுத்தமாகப் போனது. கையை அருகில் கொண்டுபோனால் சுருதி மாறியதும் போனது. ஊளை அப்படியே இருந்தது. இருக்கத்தானே செய்யும்! ஷீல்டு தடுப்பது மின்புலத்தை. மின்கம்பியில் ஓடும் கரண்ட் உண்டாக்கும் காந்தப்புலத்துக்கு அந்த மெல்லிய தாள் ஒரு பொருட்டே இல்லை. தடுத்தால் டிடெக்டரே வேலை செய்யாது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் ஒரு மாலையும் அரைச் சுருள் தாளும் போனது. சித்தி சப்பாத்தி சுற்ற வைத்திருந்த தாள் அது.

இனி பல்ஸ் வேகம். இங்கேதான் விஷயம் இருந்தது, நான் கடைசியாக வந்து சேர்ந்தேன்.

பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டுக்குக் கீழே ஃபேன் ஓடும்போது, இறக்கை நின்றுவிட்ட மாதிரியோ பின்னோக்கி மெதுவாகச் சுற்றுகிற மாதிரியோ தெரியும் அல்லவா? விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்குகிறது, இறக்கையின் வேகம் அதோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் வேகமான சுழற்சி மெதுவான நகர்வாகக் கண்ணுக்குப் படுகிறது. என் டிடெக்டரும் அப்படித்தான் உலகத்தைப் பார்க்கிறது. நொடிக்கு இத்தனை தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு ஒரு பார்வை. ஆர்டுயினோவில் இடைவெளி 1540 மைக்ரோசெகண்ட் என்று எழுதியிருந்தேன். ஏன் 1540? காரணம் ஒன்றும் இல்லை, எழுதினேன், வேலை செய்தது. நொடிக்கு 649 தட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. ஆனால் சுத்தமான 50 எங்கும் கிடையாது. எல்இடி பல்பு, டிவி, சார்ஜர் எல்லாம் அலையின் உச்சியில் மட்டும் ஒரு கடி கடித்து கரண்டை எடுப்பதால் 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் கூடவே ஓடும். பதின்மூன்றாவது மடங்கு 650. என் தட்டோ 649.35. வித்தியாசம் முக்கால் ஹெர்ட்ஸுக்கும் குறைவு. அதாவது தெருக் கம்பியில் ஓடும் 650 ஹெர்ட்ஸ் இரைச்சல், என் கருவிக்கு ஒன்றரை நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான அலையாகத் தெரிகிறது. புதைந்த இரும்பின் மேல் காயிலை நிதானமாக நகர்த்தினால் வரும் சிக்னலும் அதே வேகத்தில்தான் ஏறி இறங்கும். எந்த ஃபில்டரைப் போட்டு இரண்டையும் பிரிப்பது? ஊர் முழுக்கக் கரண்ட் கொடுக்கும் கிரிட்டின் அதிர்வெண்ணும் அசையாமல் நிற்பதில்லை. இந்தியாவில் 49.90-லிருந்து 50.05 வரை இருக்க வேண்டும் என்பது விதி. 49.95-க்கு இறங்கினால் அதன் பதின்மூன்றாவது மடங்கு 649.35. என் தட்டோடு அச்சாகப் பொருந்திவிடும்! ஒரு நிமிடம் ஊளை, ஒரு நிமிடம் அடங்கல் என்று கேட்டதற்குக் காரணம் இதுதான். நான் கிரிட்டின் நாடித்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

600-க்கும் 650-க்கும் நட்டநடுவில் 625-ல் வைத்தால் இரண்டிலிருந்தும் 25 தள்ளி நிற்கலாம், 25 ஹெர்ட்ஸை ஃபில்டர் தின்றுவிடும் என்று காகிதத்தில் போட்டு, வைத்தும் பார்த்தேன். பெரிய ஊளை போய்விட்டது. ஆனால் அடியில் மெல்லியதாக ஒரு ஏற்ற இறக்கம் மிச்சம். மறுபடி காகிதம். இருபத்தைந்தாவது மடங்கு 1250. அது 625-க்குச் சரியாக இரண்டு பங்கு, அதனால் அதுவும் கருவிக்கு மெதுவான அலையாகவே தெரியும். வாசலைச் சாத்தினால் கொல்லைப்புறமாக வந்துவிட்டது.

அப்புறம் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரு பொட்டென்ஷியோமீட்டரை ஆர்டுயினோவில் இணைத்து, நொடிக்கு 560 தட்டிலிருந்து 680 வரை கையால் திருகும்படி செய்தேன். சென்சிட்டிவிட்டியை முழுக்க ஏற்றி, காயிலைத் தரையிலிருந்து தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடத்தி, கண்ணை மூடிக்கொண்டு திருகினேன். 655-ல் டுகுடுகுடுகு என்று ஐந்து ஹெர்ட்ஸ் துடிப்பு. 650-ல் மகா ஊளை. இறங்க இறங்கச் சத்தம் கரகரத்து, கீச்சாகி, தேய்ந்தது. 610 பக்கம் வந்தபோது ஹெட்போன் செத்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு கையிலிருந்த வாட்சைக் காயிலில் காட்டிப் பார்த்தேன். கூவியது. உயிரோடுதான் இருந்தது.

610 ஏன் நல்லது என்று பிறகு பார்த்தால் கணக்கும் ஒத்துவருகிறது. பதினொன்றாவது மடங்கு 550, அறுபது தள்ளி. பதின்மூன்றாவது நாற்பது தள்ளி. 1250-லிருந்து 610-இன் இருமடங்கான 1220-ஐக் கழித்தால் முப்பது. 600 மட்டும் பத்து ஹெர்ட்ஸில் விழும். அது இரட்டைப்படை மடங்கு என்பதால் கம்பியில் அவ்வளவாக இருக்காது. பல பார்வைகளைச் சேர்த்து எடுக்கும் சராசரியை ஐந்து ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் நசுக்கும்படி அமைத்திருந்ததால் இவை எல்லாம் காணாமல்போயின. கடைசியில் 1640 மைக்ரோசெகண்டில் நிறுத்தினேன்.

கூடவே இன்னும் இரண்டு திருகல். முதல் பார்வையின் எதிரொலியிலிருந்து கழிக்க இரண்டாவது பார்வை ஒன்று உண்டு. பூமியின் காந்தப்புலத்தையும் மெதுவாக மாறும் 50 ஹெர்ட்ஸையும் கழிப்பது அதன் வேலை. இரண்டு பார்வைக்கும் நடுவே 300 மைக்ரோசெகண்ட் விட்டிருந்தேன். அந்த நேரத்தில் 50 ஹெர்ட்ஸ் அலை தன் உயரத்தில் ஒன்பது சதவீதம் வரை நகர்ந்துவிடும், அந்த ஒன்பது கழியாமல் தங்கும். 150 ஆக்கினால் நாலே முக்காலுக்குள் வரும். மிக நெருக்கிவிட்டால் இரும்பின் நீண்ட எதிரொலியையே சேர்த்துக் கழித்துவிடும், அதனால் 150-ஓடு விட்டேன். இரண்டாவது, துண்டித்த பிறகு வரும் முதல் பார்வையை 12-லிருந்து 25 மைக்ரோசெகண்டுக்குத் தள்ளி, பார்வையின் அகலத்தையும் 50-க்கு விரித்தேன். அகலமாகப் பார்த்தால் ரேடியோ, ஸ்விட்சிங் மாதிரி வேகமான இரைச்சல்கள் தமக்குள்ளேயே சமமாகிவிடும். மெல்லிய நகைநட்டு எதுவும் இப்போது தெரியாது. எனக்கு வேண்டியது ஆறரை அங்குல இரும்புக் குழாய், அதன் எதிரொலி சாவகாசமாக அடங்கும்.

இந்த நிலையில் ஒரு நாள் மாலை கரண்ட் போனது. ஹெட்போன் காதில்தான் இருந்தது. கண் இமைக்கும் நேரம் அப்படி ஓர் அமைதி, சூளகிரி வயலேதான். அடுத்து நாலாபக்கமும் இன்வெர்ட்டர்கள் எழுந்தன. ஒவ்வொரு வீட்டு இன்வெர்ட்டரும் தனக்கென்று ஒரு 50 வைத்திருக்கிறது போல, ஒன்று 50-க்கு மேலே, ஒன்று கீழே. கிரிட்டுக்காகத் தேடிப் பிடித்த 610 அவற்றுக்குப் பொருந்தவில்லை, மூன்று நான்கு மெல்லிய துடிப்புகள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. கரண்ட் போனால் தேடலாம் என்று வைத்திருந்த யோசனையை அதோடு விட்டேன்.

அடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குப் போனேன். ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு மோட்டார் போட ஆரம்பித்துவிடுவார்கள். சித்தப்பா முன்னமேயே சணல் கயிற்றை ஓரடிக்கு ஒன்றாக முற்றத்தில் கட்டிவைத்திருந்தார், கல்யாணப் பந்தி போடுகிற நேர்த்தியில். மெயினை இறக்கிவிட்டு நடந்தேன். மின்கம்பிக்கு நேர் கீழே இன்னும் சத்தம் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன், அங்கேதான் மறுபடி ஓர் அமைதி. யோசித்தால் சரிதான். கம்பியைச் சுற்றி காந்தப்புலம் வளையமாக ஓடும், நேர் கீழே அது தரைக்கு இணையாகப் போவதால் படுக்கையாகப் பிடித்த காயிலை ஊடுருவாமல் உரசிக்கொண்டு போய்விடும். எட்டடி தள்ளி வந்தால்தான் சாய்வாக நுழைகிறது. அந்தப் பட்டையில் மட்டும் மிக மெதுவாக நடந்தேன்.

காம்பவுண்டு ஓரம் தூணுக்குத் தூண் கூவியது, உள்ளே இருக்கும் கம்பி. அதை விட்டுவிட்டோம். சித்தப்பா சொன்ன "நடுவுல" இடத்தில் ஒன்றுமே இல்லை. அதற்கு இரண்டு வரிசை தள்ளி கணீரென்று ஒன்று. இரண்டு டைல்ஸைப் பெயர்த்து முக்கால் அடி தோண்டினால் துருப்பிடித்த பம்பு ஸ்டவ். சித்தி எட்டிப் பார்த்து, "அய்யோ, இதைத்தான் உங்க தம்பி பொண்டாட்டி எடுத்துட்டுப் போயிட்டான்னு இருபது வருஷமா நினைச்சுட்டிருந்தேன்" என்றார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் கடப்பாரையைத் துடைத்தார்.

கடைசி வரிசையில், மோட்டார் சத்தங்கள் கேட்கத் தொடங்கிய நேரம், ஹெட்போனில் ஒரு மெதுவான எழுச்சி வந்தது. கூச்சல் இல்லை, பெருமூச்சு மாதிரி. காயிலை இழுத்தால் இறங்கியது, தள்ளினால் எழுந்தது. நான்கு பக்கத்திலிருந்தும் நடந்து பார்த்தேன், நான்கு தடவையும் அதே இடம். சென்ற ஞாயிறாக இருந்தால் ஊளைக்குள் இது கேட்டிருக்கவே கேட்காது. சாக்பீஸால் வட்டம் போட்டு சித்தப்பாவிடம் கொடுத்தேன்.

ஒன்றே முக்கால் அடியில் கடப்பாரை 'டங்' என்றது. தகட்டைச் சுற்றி மண்ணை ஒதுக்க, வெல்டிங் தழும்போடு பைப்பின் விளிம்பு தெரிந்தது. தகட்டை நெம்பித் திறந்து, நைலான் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினார் சித்தப்பா. கொடிக்கயிறு, நூறடி. முழுக்க உள்ளே போயும் கல் எதையும் தட்டவில்லை. குழந்தை எட்டிப் பார்க்கிற இடம் இல்லை இது என்று உடனே தகட்டைத் திரும்ப வைத்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தோம்.

மெயினைப் போட்டதும் சித்தி காபியோடு வந்தார். "ஏம்பா, என் கம்மல் திருகு ஒண்ணு இந்த முத்தத்துலதான் விழுந்துது. அதையும் ஒரு நடை பார்த்துடேன்."

25 மைக்ரோசெகண்டில் திருகு தெரியாது. பத்துக்குக் கீழே இறங்க வேண்டும், உள்ளங்கை அளவில் வேறொரு காயில் சுற்ற வேண்டும், டேம்பிங்கை மறுபடி பார்க்க வேண்டும், 610 அப்போதும் அமைதியாக இருக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். "அடுத்த ஞாயிறு வர்றேன் சித்தி" என்றேன்.